வடசென்னையில் உயில் வேலையை மட்டும் நம்பி ஒரு வக்கீல் பிழைக்க முடியுமா?

ராயபுரம் பக்கம் உயில், பாகப்பிரிவினை மட்டும் பார்த்துத் தொழில் நடத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் உடனே இல்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் நான் தொடங்கியபோது வாடகைத் தகராறு, வாரிசுச் சான்றிதழ் என்று வந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டேன்.

உயில் எழுதுவது சின்ன வேலை. முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் போதும். நேரத்தைத் தின்பது அதற்கு முந்தைய கட்டம்தான். வீட்டுவசதி வாரிய வீட்டுக்குத் தவணையெல்லாம் கட்டி முடித்திருப்பார்கள், விற்பனைப் பத்திரம் வாங்கியிருக்க மாட்டார்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். அதைச் சரிசெய்யவே மாதக்கணக்கில் ஆகும்.

அப்புறம், ஒரே தெருவுக்கு மூன்று சட்டம் தெரிந்திருக்க வேண்டும். முஸ்லிம் ஒருவர், வாரிசுகள் சம்மதிக்காமல், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். இந்துக் குடும்பங்களில் “பொண்ணுக்குத்தான் சீர் செஞ்சாச்சே சார்” என்பார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 2005-லேயே சட்டம் திருத்தியாயிற்று என்றால் அப்பாவின் முகம் சுருங்கும், ஓரமாக நிற்கும் மகள் நிமிர்வாள்.

பெயர்ப்பலகை பார்த்து யாரும் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் அரைமணி நேரம், ஜமாத்தில் ஒரு மாலை, காசிமேட்டில் விசைப்படகுக்காரர்களோடு ஒரு டீ. காசு வாங்காமல் பேசுங்கள். அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவார்கள்.