கிறிஸ்தவப் பள்ளிகளின் கல்வி நோக்கம் உண்மையில் என்ன? இந்துக் குடும்பத்துப் பிள்ளையை அங்கே சேர்க்கலாமா?

உங்கள் மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குச் சேர்க்க நினைக்கிறீர்கள். நீங்கள் இந்துக் குடும்பம், வீட்டுப் பெரியவர்கள் தயங்குகிறார்கள். பள்ளியில் கொடுத்த கையேட்டில் 'முழு மனித வளர்ச்சி', 'விழுமியக் கல்வி' என்றெல்லாம் போட்டிருக்கிறது, அதற்கெல்லாம் என்ன அர்த்தம், மதம் மாற்றிவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இந்தப் பக்கத்தில் அரசு உதவி பெறும் ஒரு மிஷன் பள்ளியில் 31 வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவள். நான் சொல்வதில் என் நம்பிக்கையும் கலந்துதான் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

முதலில் அந்தப் பயத்தைப் பேசிவிடுவோம். மிஷனரிகள் இங்கே வந்தது சுவிசேஷம் சொல்லத்தான். பள்ளிக்கூடம் திறந்ததற்கும் அது ஒரு காரணம். இதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொருவரும் வேதத்தைத் தானே வாசிக்க வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. அப்படியென்றால் ஆண், பெண், பனையேறி, பண்ணையாள் என்று எல்லாருக்கும் எழுத்து தெரிய வேண்டுமே. 1820இல் மிஷனரி ரேனியுஸ் ஐயர் (பாதிரியாரை எங்கள் பக்கம் ஐயர் என்போம்) பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு சபை உண்டான ஊரிலெல்லாம் கூடவே ஒரு பள்ளிக்கூடமும் வந்தது இப்படித்தான். பல ஊர்களில் இரண்டும் ஒரே கட்டடம். ஞாயிற்றுக்கிழமை கோயில், திங்கள் முதல் பள்ளிக்கூடம். சபையில் வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாரே வாத்தியார். எங்கள் ஊர் தேரிக்காட்டு ஓரம். செம்மணலைப் பரப்பி விரலால் ஆனா ஆவன்னா எழுதிப் படித்தவர் என் ஆச்சி. தாத்தா பனையேறி. அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் கடிதம் படிக்கிற அளவுக்கு வந்ததைப் பார்க்கத் தெருவே கூடியதாம். அதற்கு முன் எங்கள் வீட்டில் எந்தத் தலைமுறையிலும் ஒருவருக்கும் எழுத்து தெரியாது.

இன்றைய நிலைமைக்கு வருவோம். நம் அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ, ஒப்புதல் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது. பிள்ளை மைனர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். எங்கள் பள்ளியில் வாரத்துக்கு இரண்டு பீரியட், கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஸ்கிரிப்சர், அதாவது பைபிள் பாடம், மற்றவர்களுக்கு மாரல், அதாவது நன்னெறி வகுப்பு. கையேட்டில் 'விழுமியக் கல்வி' என்று இருப்பது பெரும்பாலும் இதைத்தான். என் வகுப்பில் எந்த வருடமும் பாதிக்கு மேல் இந்து, முஸ்லிம் பிள்ளைகள்தான். என்னிடம் படித்து மதம் மாறிய பிள்ளை என்று எனக்குத் தெரிந்து ஒருவர்கூட இல்லை. ஆனால் ஒன்று, காலையில் ஜெபப் பாட்டு இருக்கும். டிசம்பர் வந்தால் உங்கள் மகள் கிறிஸ்துமஸ் பாட்டுகளை வீட்டில் முணுமுணுப்பாள். அது உங்களுக்கு உறுத்தும் என்றால் சேர்க்கும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். பின்னால் பிள்ளையைக் கோபிப்பது நியாயமாக இருக்காது.

சரி, நோக்கத்துக்கு வருகிறேன்.

பைபிளின் முதல் அதிகாரத்திலேயே மனிதன் கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டான் என்று வருகிறது. கிறிஸ்தவக் கல்வி எல்லாம் அந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்குகிறது. ஒரு பிள்ளைக்கு மதிப்பு அதன் மார்க்காலோ, அப்பாவின் வேலையாலோ, பிறந்த தெருவாலோ வருவதில்லை, பிறக்கும்போதே அது கூடவே வந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தின் வேலை அந்த மதிப்பை அந்தப் பிள்ளையே உணரும்படி செய்வது. கேட்க எளிதாக இருக்கும். நாற்பத்தைந்து பேர் இருக்கிற வகுப்பில் இதைச் செய்வது லேசான காரியம் இல்லை.

இந்தத் தத்துவத்தைப் புரிந்துகொள்ளக் கையேட்டைப் படிப்பதைவிடப் பாளையங்கோட்டையில் ஒரு சுற்று வந்தால் போதும். தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று நாம் பெருமையாகச் சொல்கிற ஊர். எல்லாரும் கல்லூரிகளைத்தான் காட்டுவார்கள். நான் யாரையாவது கூட்டிக்கொண்டு போனால் முதலில் காட்டுவது பார்வையற்றோர் பள்ளியையும் காது கேளாதோர் பள்ளியையும்தான். 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அதே பத்தாண்டுக்குள் புளோரன்ஸ் சுவேன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். நன்றாக இருக்கிற பெண்பிள்ளையையே பள்ளிக்கு அனுப்பாத காலம். கண் தெரியாத பிள்ளையைப் படிக்கவைத்தால் வேலையும் கிடைக்காது, பள்ளிக்குப் பெயரும் வராது. இருந்தும் செய்தார்கள். அதற்கு அந்தச் சாயல் என்ற நம்பிக்கை தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. இன்றும் அந்த இரண்டு பள்ளிகளும் நடக்கின்றன. விரல்களால் பேசிச் சிரித்துக்கொண்டு பஸ் ஏறுகிற அந்தப் பிள்ளைகளைப் பாளையங்கோட்டைக்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

சாரா டக்கர் கல்லூரி தெரியாதவர் இங்கே இருக்க மாட்டார்கள். ஆனால் சாரா டக்கர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் உடல் ஊனத்தோடு வாழ்ந்த பெண். அவருடைய சகோதரர் சென்னையில் மிஷனரி. கண்ணால் பார்க்காத நம் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்காக அங்கிருந்தே கவலைப்பட்டவர். அவர் நினைவாகத் தொடங்கிய ஆசிரியைப் பயிற்சிப் பள்ளிதான் வளர்ந்து 1895இல் கல்லூரியானது. முதலில் பெண்களை ஆசிரியைகளாக்க வேண்டும் என்று யோசித்தார்கள் பாருங்கள், அது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஒரு டீச்சர் ஊருக்குத் திரும்பினால் அந்த ஊரில் முப்பது பெண்பிள்ளைகள் எழுத்து படிப்பார்கள். என் அம்மா பயிற்சி முடித்துக் கிராமத்துப் பள்ளிக்குப் போனவர். அந்த ஊரில் இன்று வீட்டுக்கு ஒரு பட்டதாரிப் பெண் இருக்கிறாள்.

அப்புறம் கைவேலை. நாசரேத்தில் மர்காசிஸ் ஐயர் 1878இல் கைத்தொழிற்பள்ளி தொடங்கினார். இடையன்குடியில் கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசா அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். கையில் நாலு காசு வந்தால்தான் பெண்ணுக்கு வீட்டில் பேச்சு இருக்கும் என்று புரிந்துவைத்திருந்தவர்கள். இயேசுவே தச்சர் என்பதால் கைவேலையைத் தாழ்வாகப் பார்க்கக் கூடாது என்பது கிறிஸ்தவக் கல்வியின் உள்ளே இருக்கிற விஷயம். இன்று பல பள்ளிகளில் தையல் பீரியடும் தோட்ட வேலையும் போய், அந்த நேரத்திலும் டெஸ்ட் வைக்கிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

கையேட்டில் இருக்கிற 'முழு மனித வளர்ச்சி' லூக்கா 2:52இலிருந்து வருகிறது. சிறுவன் இயேசு ஞானத்திலும் உடல் வளர்த்தியிலும் கடவுளின் கிருபையிலும் மனிதரின் தயவிலும் வளர்ந்தார் என்கிற வசனம். படிப்பு, உடம்பு, பக்தி, மற்றவரோடு பழகுவது என்று நான்கு. விளையாட்டு மைதானம் இல்லாத பள்ளி இந்த வசனத்தைச் சுவரில் எழுதிவைத்திருந்தால் ஏன் மைதானம் இல்லை என்று தாராளமாகக் கேளுங்கள். கத்தோலிக்கத் துறவியரான சேசு சபையார் நடத்தும் பள்ளிகளில் இதையே வேறு விதமாகச் சொல்வார்கள். சேசு சபைத் தலைவராக இருந்த பேத்ரோ அருப்பே 1973இல் ஸ்பெயினில் பேசும்போது, பிறருக்காக வாழ்கிற மனிதர்களை உருவாக்குவதுதான் தங்கள் கல்வியின் நோக்கம் என்றார். அங்கே கூடியிருந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் படித்து முடித்தவர்கள். அவர்களிடமே, நீதிக்காக உழைக்க நாங்கள் உங்களைப் பழக்கினோமா என்று கேட்டு, போதுமான அளவு பழக்கவில்லை என்று தானே பதிலும் சொன்னார். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

ஏனென்றால் எங்கள் பள்ளிகளும் தவறியிருக்கின்றன. இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும்.

ஒன்று, மார்க். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் தேறாத பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு, வேறு பள்ளி பாருங்கள் என்று பக்குவமாகச் சொல்லி டி.சி. கொடுத்து அனுப்பினார்கள். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் காட்ட வேண்டுமாம். அப்படி அனுப்பப்பட்ட ஒரு பெண் எங்கள் பள்ளிக்கு வந்தாள். முதல் மாத டெஸ்டில் 11 மார்க். பேப்பரை வாங்கிக்கொண்டு என் மேசைப் பக்கத்திலேயே நின்றாள். "டீச்சர், எனக்கும் டி.சி. குடுத்திருவீங்களா?" என்று கேட்டாள். நான் அன்று வகுப்பு நடத்தவில்லை. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பின்னக் கணக்கிலிருந்து தொடங்கினேன். ஆறாம் வகுப்பிலேயே அவளுக்குப் பின்னம் புரியாமல் போயிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். பத்தாம் வகுப்பில் 58 எடுத்தாள். சாதனை என்று யாரும் பேனர் வைக்கிற மார்க் இல்லை. ரிசல்ட் வந்த அன்று அவள் அம்மா வாழைத்தார் ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு வந்து ஸ்டாஃப் ரூமில் வைத்தார்.

இன்னொன்று, சாதி. இதைப் பேசாமல் நம் பக்கத்துப் பள்ளி எதைப் பற்றியும் பேச முடியாது. என்ன சாதி என்று காட்டப் பிள்ளைகள் கையில் கட்டுகிற கலர் கயிறு உங்களுக்கும் தெரிந்திருக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து சக மாணவர்களே வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அந்த இரவு நான் தூங்கவில்லை. கடவுளின் சாயல் என்று தினமும் சொல்லி ஜெபிக்கிற பள்ளிகள் நிறைந்த மாவட்டம் இது. நாங்கள் என்ன கற்றுக்கொடுத்தோம்? எங்கள் நிர்வாகங்களிலும் சபைத் தேர்தல்களிலும் சாதிக் கணக்கு ஓடுவதைப் பிள்ளைகள் பார்க்காமலா இருக்கிறார்கள்? அதன் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது, அதில் கயிறு, பொட்டு எல்லாம் பேசப்பட்டது. எங்கள் பள்ளியில் நான் செய்ய முடிந்தது சின்னது. வகுப்பில் உட்காரும் இடத்தை மாதம் ஒருமுறை சீட்டுக் குலுக்கி மாற்றுவேன். மதியம் நானும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுவேன். ஒருவர் டப்பாவிலிருந்து இன்னொருவர் எடுக்கத் தொடங்க ஒரு பருவம் ஆகும். சில வருடம் அதற்கும் மேலே ஆனது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 'செயின்ட்' என்று தொடங்குகிற பெயரை மட்டும் வைத்து எந்தப் பள்ளியையும் முடிவு செய்யாதீர்கள். சபையோ துறவியரோ நடத்தும் பழைய பள்ளிகளும் உண்டு, தனியார் தொழிலாக நடத்துவதும் உண்டு. உதவி பெறும் பள்ளியிலேயே ஒரே வளாகத்தில் அரசு சம்பளம் தருகிற தமிழ் வழி வகுப்புகளும், கட்டணம் வாங்குகிற சுயநிதி ஆங்கில வழி வகுப்புகளும் இருக்கலாம். எந்தப் பிரிவில் சேர்க்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தலைமையாசிரியரிடம் போன வருட ரிசல்ட் கேட்பீர்கள், கேளுங்கள். கூடவே ஒன்பதாம் வகுப்பில் தேறாத பிள்ளைகளை என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். மாரல் பீரியடில் என்ன நடத்துகிறார்கள் என்று கேட்டாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

சேர்க்கை மே மாதம் நடக்கும்போது பள்ளி காலியாகக் கிடக்கும். அதற்கு முன்னால், பள்ளி நடக்கிற ஒரு நாளில் மதியம் பன்னிரண்டரை மணிக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அனுமதி வாங்கி உள்ளே போய் வேப்பமரத்தடியில் பிள்ளைகள் சாப்பிடுவதைக் கொஞ்ச நேரம் பாருங்கள். யார் யாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள், தனியாக உட்கார்ந்திருக்கிற பிள்ளை யாராவது உண்டா, அந்தப் பிள்ளையிடம் எந்த டீச்சராவது போகிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.