சிறுதானியமும் சர்க்கரை நோயும்: கேளுங்கள், சொல்கிறேன்

கே: மேடம், இரண்டு வேளை கேழ்வரகுக் கஞ்சிதான் குடிக்கிறேன். அப்படியும் சாப்பிட்ட பின் சர்க்கரை 240க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது.

ப: பழி கேழ்வரகின் மேல் இல்லை, கஞ்சியின் மேல். நைசாக அரைத்து, குழைய வேகவைத்து, நீர்க்கக் கரைத்துவிட்டால் குடல் செய்ய வேண்டிய வேலையில் பாதியை அடுப்பே முடித்துவிடுகிறது, சர்க்கரை மளமளவென்று ரத்தத்தில் ஏறுகிறது. ஒரு வேளைக்காவது வரகையோ சாமையையோ மணி மணியாக, பல்லில் கடிபடுகிற பதத்தில் வேகவைத்து, கூடவே அதற்கு இரு மடங்கு காயும் கொஞ்சம் பருப்பும் வைத்துச் சாப்பிடுங்கள். முதல் வாய் வைத்ததிலிருந்து 2 மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்து எழுதி வையுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கே: எந்தச் சிறுதானியம் சிறந்தது?

ப: தீட்டாதது. வெள்ளை வெளேரென்று இருந்தால் தவிடு போய்விட்டது, அதோடு நார்ச்சத்தும்.

கே: அரிசியிலும் மாவுச்சத்து, வரகிலும் மாவுச்சத்து. நானே அளந்தேன்: அரிசிச் சோற்றுக்கு 171, வரகுக்கு 178. எதற்கு இந்த ஆரவாரம்?

ப: வாருங்கள், இப்படி ஒருவர் வர வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். மாவுச்சத்து இரண்டிலும் ஏராளம், மறுக்கவில்லை. வித்தியாசம் அது சர்க்கரையாக மாறும் வேகத்தில். பல ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வந்த அலசலில் சிறுதானியங்களின் சராசரி கிளைசெமிக் குறியீடு, அதாவது உணவு ரத்தச் சர்க்கரையை ஏற்றும் வேகத்துக்கான மதிப்பெண், 52.7. தீட்டிய அரிசி, மைதாவைவிடக் கால் பங்குக்கு மேல் குறைவு. சராசரிதான், உங்கள் உடம்பு வேறு கணக்குச் சொல்லலாம். சரி, எவ்வளவு சோறு, எவ்வளவு வரகு?

கே: தைராய்டு இருக்கிறது, கம்பு சாப்பிடலாமா?

ப: எப்போதாவது சரி. தினமும் கம்பே கதி என்று வேண்டாம், அதிலுள்ள சில பொருள்கள் தைராய்டு சுரப்பியின் வேலையில் குறுக்கிடக்கூடியவை, அயோடின் குறைவாக இருந்தால் இன்னும்.

கே: கிரியாட்டினின் ஏறியிருக்கிறது...

ப: கிரியாட்டினின் சிறுநீரகம் வடிக்க வேண்டிய கழிவு, அதனால் சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள். பொட்டாசியம், பாஸ்பரஸ் கணக்கை ரத்தப் பரிசோதனை பார்க்காமல் நான் சொல்லக் கூடாது.

கே: சாமையா, குதிரைவாலியா, எது சிறந்தது?

ப: மேலே இரண்டாவது பதில்.

கே: மாத்திரையை விட்டுவிட்டு 3 மாதம் சிறுதானியம் மட்டும்...

ப: கூடாது. கூடவே கூடாது. இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறவர்கள் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தாலும் சர்க்கரை தடாலென்று இறங்கும், அதனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

கே: தினை நல்லதா, வரகு நல்லதா?

ப: இரண்டாவது பதில்!

கே: வரகு 178 என்று சொன்னவன்தான் மேடம். சோறு ஒரு கரண்டி. வரகு... சிறுதானியம்தானே என்று மூன்று.

ப: நாளைக்கு ஒரு கரண்டி வைத்து அளந்துவிட்டு வாருங்கள், சண்டையை அங்கிருந்து தொடரலாம்.