வாசகர் கேள்வி பதில்: வில்லன் ஏன் ‘பாப்பெட்’ என்கிறான்?

கேள்வி: ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ முதல் படத்தில், அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் கதாநாயகியைக் கண்டுபிடிக்கும் கொள்ளைக்காரன் ‘ஹலோ பாப்பெட்’ என்று இளிக்கிறான். பழைய ஆங்கில நாவல்களிலோ பாட்டிமார் பேத்தியைக் கொஞ்சும்போது இதே வார்த்தை வருகிறது. அகராதியைப் புரட்டினால் ‘பொம்மை’ என்கிறது. எதைத்தான் எடுத்துக்கொள்வது?

பதில்: கொஞ்சல்தான். கொஞ்சல் என்பதால்தான் அவன் வாயில் அது அவ்வளவு அருவருப்பாக இருக்கிறது. ‘ஏய், வெளியே வா’ என்று அதட்டியிருந்தால் பத்தோடு பதினொன்றாக ஒரு வில்லன், அவ்வளவுதான். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு ‘கண்ணு, இங்கேயா இருக்கே?’ என்று குழைகிறான் பாருங்கள், அங்கேதான் நமக்குக் குலை நடுங்குகிறது.

அகராதி சொல்வதும் சரிதான். லத்தீனில் பூப்பா என்றால் சிறுமி, பொம்மை, இரண்டும். அது பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்து பாப்பெட் ஆனது. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய ‘கான்டர்பரி கதைக’ளிலேயே இருக்கிறது. அதில் சாசர் தன்னையும் ஒரு பாத்திரமாக உள்ளே உட்கார வைத்திருப்பார். யாத்திரையில் கூட வரும் விடுதிக்காரர் அவரைப் பார்த்து, இடுப்பு என்னுடையதைப் போலவே இருக்கிறதே, எந்தப் பெண்ணும் அள்ளி அணைத்துக்கொள்ள ஏற்ற பாப்பெட் இவர் என்று எல்லோர் முன்னாலும் கலாய்க்கிறார். ஆக, அப்போதே இந்தச் சொல்லுக்குள் கொஞ்சலும் கேலியும் ஒன்றாகத்தான் இருந்திருக்கின்றன.

பொம்மலாட்டப் பொம்மைக்குச் சொல்லும் பப்பெட் வேறு சொல் அல்ல, இதே சொல்லின் இன்னொரு உருவம்தான். நாய்க்குட்டிக்கான பப்பியும் இந்தக் குடும்பத்து உறுப்பினர் என்றே சொல்கிறார்கள். முதலில் அது சீமாட்டிகள் மடியில் பொம்மைபோல வைத்துக்கொண்ட சின்ன நாய்க்கு வந்த பெயர், எல்லா நாய்க்குட்டிக்கும் என்று ஆனது பிற்பாடு. கூட்டுப்புழுவுக்கு ப்யூப்பா என்று பெயர் வந்தது, துணியில் சுற்றிய பொம்மைபோல அது கிடப்பதால். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது கண்ணின் கருமணிக்கான பியூப்பில். எதிரில் நிற்பவர் கண்ணை உற்றுப் பார்த்தால் நம் உருவம் குட்டிப் பொம்மையாக அதில் தெரியும் இல்லையா, அதை வைத்து லத்தீன்காரர்கள் கருமணியைக் குட்டிப் பொம்மை என்று அழைத்தார்கள். நம்மிடம் பாவை என்றால் பொம்மை, பெண், கண்மணியில் தெரியும் உருவம், மூன்றும் உண்டு. ‘கருமணியிற் பாவாய்நீ போதாயாம்’ என்று வள்ளுவர் அந்தப் பாவையைத்தான் விரட்டுகிறார், காதலிக்குக் கண்ணில் இடம் வேண்டும் என்பதற்காக. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகள் ஒரே காட்சியைப் பார்த்து ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன. (உடனே ‘பாப்பாதான் பூப்பா ஆயிற்று’ என்று எனக்குக் கடிதம் எழுதக் கிளம்பிவிடாதீர்கள். மழலை வாயில் முதலில் வருகிற ப, ம ஒலிகளை வைத்துக்கொண்டு இப்படி எந்த மொழியையும் எந்த மொழியோடும் முடிச்சுப் போடலாம்.)

இந்தப் பொம்மைக்கு ஒரு பயங்கர முகமும் உண்டு. சூனியம் வைக்கச் செய்யும் உருவத்துக்கும் பாப்பெட் என்றே பெயர். 1692இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நடந்த சேலம் சூனிய வழக்குகளில் பிரிட்ஜெட் பிஷப் என்ற பெண்ணுக்கு எதிராகச் சொல்லப்பட்ட சாட்சியங்களில் ஒன்று, அவர் குடியிருந்த பழைய வீட்டின் நிலவறைச் சுவரை இடித்தபோது கந்தல் துணியாலும் பன்றி மயிராலும் செய்த பாப்பெட்டுகள் கிடைத்தன, அவற்றில் தலையில்லாத ஊசிகள் குத்தியிருந்தன என்பது. அந்த வழக்குகளில் முதலில் தூக்கிலிடப்பட்டவர் அவர்தான், அந்த ஆண்டு ஜூன் 10ஆம் தேதி. படத்தில் பேசுகிறவன் இதையெல்லாம் நினைத்துக்கொண்டு பேசவில்லை, ஆனால் உங்களுக்கு அந்த வார்த்தை உறுத்தியதில் தப்பே இல்லை.

கேள்வி: என் மகள் லண்டனில் வேலை பார்க்கிறாள். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கூட வேலை பார்க்கும் வயதான அம்மாள் ஒருவர், இவள் ஏதோ உதவி செய்ததற்கு ‘நீ ஒரு பாப்பெட்’ என்றாராம். மகளுக்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

பதில்: சந்தோஷப்படச் சொல்லுங்கள். ‘நீ ஒரு பாப்பெட்’ என்றால் தங்கமான பெண் என்று அர்த்தம், பொம்மை என்று அல்ல. இது பிரிட்டிஷ்காரர்களின் சொல், அமெரிக்கர்கள் வாயில் அநேகமாக வராது. பெரும்பாலும் சின்னக் குழந்தைகளைக் கொஞ்சவே பயன்படும், அதிலும் பெண் குழந்தைகளை. சொல்பவர் பாட்டியாகவோ அத்தையாகவோ குழந்தை வளர்க்கும் ஆயாவாகவோ இருப்பார். இளசுகள் இப்போது அதிகம் சொல்வதில்லை, சொன்னாலும் விளையாட்டுக்கு.

இதையே ஒரு ஆண் மேலதிகாரி, கூட்டத்தில் உங்கள் மகள் ஒரு கருத்தைச் சொன்னதும் ‘அதெல்லாம் இருக்கட்டும் பாப்பெட்’ என்று சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி பதில் எழுதியிருப்பேன். அது வாயை மூடு என்பதற்குச் சர்க்கரை தடவிய வடிவம். யார், யாரிடம், எந்த வயதில் சொல்கிறார்கள் என்பதைப் பார்த்தால் போதும், முக்கால்வாசி விளங்கிவிடும். உங்கள் மகள் பதிலுக்கு அந்த அம்மாளை பாப்பெட் என்று அழைக்க வேண்டாம், அது கீழ்நோக்கி மட்டும் ஓடுகிற வார்த்தை. அலுவலக மின்னஞ்சலில் எழுதுவது கூடவே கூடாது.

லண்டனை விட்டு வெளியே போனால் இன்னும் திகைப்பாள், இப்போதே சொல்லி வையுங்கள். டெர்பி, ஸ்டோக் பக்கம் கடைக்காரர் ‘டக்’ என்பார், அதாவது வாத்து. நியூகாசில் பக்கம் ‘பெட்’, அதாவது செல்லப் பிராணி. ஸ்காட்லாந்தில் பெண்களை ‘ஹென்’, கோழி என்று கூப்பிடுவார்கள். பிரிஸ்டல் பக்கம் முன்பின் தெரியாத ஆளிடம் ‘மை லவ்வர்’ என்று சொல்லிவிட்டு மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுப்பார்கள். இதில் எதற்கும் உள்ளர்த்தம் தேட வேண்டாம், நாம் ‘என்னங்க’ என்பதில் எவ்வளவு காதல் இருக்கிறதோ அவ்வளவுதான்.

கேள்வி: இதைப்போல வழக்கொழிந்த கொஞ்சல் வார்த்தைகள் வேறு உண்டா?

பதில்: நிறைய. அதே சாசர் ஓர் அழகியை ‘பிக்ஸ்னை’ என்கிறார். பிரித்துப் பார்த்தால் பன்றிக் கண். இன்று யாரிடமாவது முயற்சி செய்துவிட்டு என்ன ஆனது என்று எழுதுங்கள். ஹேம்லெட்டில் ராஜா ராணியைச் செல்லமாக அழைக்கும் வார்த்தை என்று வருவது எலி. இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது ‘புல்லி’. இன்று பள்ளிக்கூடத்தில் சின்னப் பையன்களை மிரட்டுகிறவனுக்கு வைத்திருக்கும் பெயர், 16ஆம் நூற்றாண்டில் ‘என் அன்பே’ என்கிற மாதிரியான விளி. அப்புறம் நல்ல நண்பன் என்று ஆகி, வாய்ச்சவடால்காரன் என்று சரிந்து, இன்றைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தில் பாட்டம் என்ற நெசவாளியை, அவனோடு சேர்ந்து நாடகம் போடும் சகாக்கள் ‘புல்லி பாட்டம்’ என்று கூப்பிடுவது அந்த நண்பன் காலத்து அர்த்தத்தில்தான். உரையில்லாமல் படிக்கும் மாணவர்கள் பாட்டத்தை ரவுடி என்று நினைத்துக்கொள்கிறார்கள், பாவம்.

கேள்வி: நான் மெக்கானிக். எஞ்சினில் பாப்பெட் வால்வு என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் இதுதானா?

பதில்: அதே சொல்தான். கயிறு கட்டிய பொம்மை எம்பி எம்பி இறங்குவதுபோல அந்த வால்வும் தன் இருக்கையை விட்டு எழும்பித் திரும்ப உட்கார்கிறது, பழைய எழுத்துகளில் பப்பெட் வால்வு என்றே பார்க்கலாம். ஜேம்ஸ் வாட் 1770களிலேயே தன் நீராவி எஞ்சின்களில் இந்த வகை வால்வைப் பயன்படுத்தியிருக்கிறார். கொஞ்சலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நீங்கள் தாராளமாகத் திட்டலாம்.