பர்மா போன பையா? முத்திரையைக் கடைசியில் பாருங்கள்

கேள்வி: "இரண்டாம் உலகப்போரில் பர்மா முனையில் சண்டை போட்ட தாத்தாவுடையது என்று சொல்லி, ஒருவர் முதுகுப்பையும் தண்ணீர் பாட்டிலும் சேர்த்து 20,000 ரூபாய் கேட்கிறார். பையில் 1943 என்ற முத்திரையும் ஓர் அம்புக்குறியும் இருக்கின்றன. அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" கோவையிலிருந்து ஒரு வாசகர்.

பதில்: பெரும்பாலோர் முத்திரையைப் பார்த்ததும் பணத்தை எடுத்துவிடுகிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். ரப்பர் முத்திரை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எண்பது வருடம் பழகிய துணியைச் செய்வதுதான் கஷ்டம்.

அன்று பிரிட்டிஷ் படையும் பிரிட்டிஷ் இந்தியப் படையும் சுமந்தது '1937 பேட்டர்ன்' சாமான்கள். பை, தோள்வார், பெல்ட், தோட்டாப் பை எல்லாமே கெட்டியாக நெய்த பருத்தியில் ஆனவை. பக்கிள், வார்நுனிகள் பெரும்பாலும் பித்தளை.

முதலில் பையின் மூடியைத் திறந்து, வார் மடிந்து கிடக்கும் இடத்தையும் பக்கிளுக்கு அடியையும் பாருங்கள். வெயில் பட்ட வெளிப்புறம் வெளுத்திருக்கும், மறைந்திருந்த இடம் பழைய நிறத்திலேயே இருக்கும். தேய்மானத்துக்கும் ஒரு கணக்கு உண்டு: முதுகில் உரசும் பக்கம், மூலைகள், பக்கிள் இழுக்கும் இடம் இவைதான் முதலில் நைந்து போகும். உரசவே வாய்ப்பில்லாத இடத்தில் நைந்திருந்தால், யாரோ உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் நானும் ஏமாந்திருக்கிறேன். நன்றாகப் பழுப்பேறிய ஒரு தோட்டாப் பையை ஆசையாக வாங்கி வந்தேன். ஐப்பசி மழையில் அலமாரியைத் திறந்தால் டீ வாசனை. ஓரத்தில் நாலு தையலைப் பிரித்துப் பார்த்தேன். காற்றும் வெயிலும் போகாத உள்மடிப்பிலும் அதே பழுப்பு. டீத்தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து எந்தப் பையை எடுத்தாலும் முதலில் முகர்ந்துதான் பார்க்கிறேன்.

அப்புறம் பித்தளை. பல வருடம் அசையாமல் கிடந்த பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். அது பக்கிளோடு நிற்காது, தொட்டுக்கொண்டிருக்கும் துணியிலும் பச்சைக் கறையாக இறங்கும். ரசாயனம் தடவிப் பழசாக்கிய பக்கிளுக்கு அடியில் துணி பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். இது நான் மிகவும் நம்பும் அடையாளம். காந்தத்தையும் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். ஆனால் போர்க்காலத்தில் உலோகத் தட்டுப்பாடு இருந்ததால், காந்தம் ஒட்டியது என்பதற்காக மட்டும் ஒதுக்கிவிட வேண்டாம்.

உள்தையலில் தொங்கும் ஓர் இழையை, விற்பவரின் அனுமதியோடு, எடுத்துக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை வரும், மெல்லிய சாம்பல் மிஞ்சும். உருகிக் கட்டியாக உருண்டால் செயற்கை இழை. புற ஊதா டார்ச்சில் பளீரென்று நீலமாக மின்னுவதைப் பலர் முடிவான சோதனையாகச் சொல்கிறார்கள். அசல் பையை யாராவது இன்றைய சோப்புத்தூளில் துவைத்திருந்தால் அதுவும் மின்னும். அதனால் அதைத் துணைச் சாட்சியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டில் எளிது. அந்தக் காலத்து பாட்டில் எனாமல் பூசிய இரும்பு, மேலே காக்கிக் கம்பளி உறை, வாயில் தக்கை. கம்பளியைப் பூச்சி அரிக்கும், செயற்கை உறையை அரிக்காது. அதனால் உறையில் பூச்சி ஓட்டைகள் இருந்தால் வருத்தப்படாதீர்கள், அவை உங்கள் பக்கம். பாட்டில் அலுமினியத்தில் இருந்து, கூடவே ஒரு குவளையும் வந்தால் கொஞ்சம் நில்லுங்கள். அது காட்டுப் போருக்காக எடை குறைத்துச் செய்த 1944 பேட்டர்னாக இருக்கலாம். பர்மா சண்டை முடிவதற்குள் அது பெரும்பாலான படையினரின் கைக்கு வரவில்லை, பிறகு மலாயாவில்தான் அதிகம் புழங்கியது. பொருள் அசலாகவே இருந்தாலும் கதை இடிக்கும்.

சரி, இப்போது முத்திரை. அம்புக்குறி பிரிட்டிஷ் அரசு உடைமைக்கான அடையாளம். அதன் கீழே ஆங்கில 'ஐ' எழுத்து இருந்தால் இந்தியத் தயாரிப்பு, 'சி' எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா. போர்க்கால இந்தியத் தயாரிப்பின் நெசவு இங்கிலாந்துப் பொருளைவிடச் சொரசொரப்பாக இருக்கும். இது தெரியாமல் போலி என்று தள்ளியவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வீணான இழப்பு. இரண்டு அம்புகள் முனையோடு முனை தொட்டபடி இருந்தால், ராணுவம் கழித்து விற்ற பொருள் என்று அர்த்தம். அதுவும் குறையில்லை. ஆனால் 'ஏ.பி.எல்.' என்றிருந்தால் போருக்குப் பிறகு பெல்ஜியப் படைக்காகச் செய்தது. அசல் ராணுவச் சாமான்தான், பர்மாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

மையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பழைய மை நூலுக்குள் இறங்கி, துணி தேய்ந்த இடத்தில் தானும் தேய்ந்திருக்கும். நைந்த துணியின் மேல் எழுத்து முழுசாக, கூர்மையாக நின்றால் முத்திரை நேற்றுக் குத்தியது. முத்திரையே இல்லாத அசல் பையில் விலை ஏற்றுவதற்காகப் புதிதாகக் குத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

தாத்தா கதையை நான் பொய் என்று சொல்லவில்லை. இம்பாலிலும் கோஹிமாவிலும் 1944-இல் இந்தியச் சிப்பாய்கள் பட்ட பாட்டை அறிந்தவன், அந்தப் பெயரில் வரும் எதையும் அலட்சியமாகப் பேச எனக்கு மனம் வராது. அதனால்தான் ஆதாரம் கேட்கச் சொல்கிறேன். சிப்பாய்கள் பையில் தங்கள் பெயரையோ படை எண்ணையோ எழுதி வைப்பது உண்டு. மூடியின் உட்புறம் தேடுங்கள். அந்த எண்ணும் குடும்பத்தில் இருக்கும் படைவிலகல் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒத்துப்போனால், அவர் கேட்கும் கூடுதல் விலைக்கு நியாயம் உண்டு. காகிதம் இல்லையென்றால் பைக்கும் பாட்டிலுக்கும் மட்டும் விலை பேசுங்கள்.

பணம் அனுப்பும் முன் நான்கு படங்கள் கேளுங்கள்: மூடியின் உட்புறம், ஒரு பக்கிளைத் தூக்கிப் பிடித்து அடியில் உள்ள துணி, பாட்டில் உறையின் அடிப்பகுதி, முத்திரை மிக அருகில். எல்லாம் பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் எதுவும் போடாமல் எடுத்ததாக இருக்கட்டும்.