ஆக்சியல் நிறையை ஏற்றிச் சரிக்கட்டாதீர்கள்

வணக்கம். ஃபெர்மி வாயு மாதிரியில் (அணுக்கருவை, ஒன்றையொன்று பாதிக்காத புரோட்டான், நியூட்ரான்களின் வாயுவாகக் கொள்வது) ஆக்சியல் நிறையை (நியூட்ரினோ மோதும் வாய்ப்பைத் தீர்மானிக்கும் எண்களில் ஒன்று) 1.03 ஜிஇவி என்று வைத்தால் உங்கள் கணக்கு மினிபூன் நியூட்ரினோ சோதனையின் கார்பன் தரவுக்குக் கீழே நிற்கிறது, 1.35 வைத்தால் பொருந்துகிறது, அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள்.

1.35 என்பது 2010-இல் மினிபூன் குழுவே பொருத்திச் சொன்ன எண்தான். ஆனால் அந்தக் கருவி எதைப் பார்க்கிறது? மோதலில் பிறக்கும் மியூவான் துகள் கனிம எண்ணெய்த் தொட்டிக்குள் விடும் செரென்கோவ் ஒளி வளையத்தை. கூடவே பையான் என்ற துகள் தென்படாவிட்டால் நிகழ்வு ‘குவாசி எலாஸ்டிக்’ (ஒற்றை நியூக்ளியானைத் தட்டும் மோதல்) கணக்கில் சேர்ந்துவிடும். நியூட்ரினோ ஒரே ஒரு நியூட்ரானைத் தட்டியதா, இரண்டு நியூக்ளியான்களை (புரோட்டான், நியூட்ரான் இரண்டுக்கும் பொதுப்பெயர்) சேர்த்து வெளியே தள்ளியதா என்று அதற்குத் தெரியாது. மார்ட்டினி, எரிக்சன் குழு 2009-லேயே இந்த இரட்டை வெளியேற்றத்தைச் சேர்த்து, நிறையைத் தொடாமலே தரவை எட்டிக் காட்டியது.

சரி, உங்கள் நிரலை எங்கே சோதிப்பது? எலக்ட்ரான் சிதறலில். அங்கே ஆக்சியல் பங்கு பொருட்படுத்தும் அளவில் இல்லை, அதனால் அதை ஏற்றி இறக்கித் தப்பிக்க வழியும் இல்லை. கார்பனுக்கு ஃபெர்மி உந்தம் 221 எம்இவி, சராசரிப் பிணைப்பு 25 எம்இவி வைத்து ஓட்டுங்கள். எலக்ட்ரான் இழக்கும் ஆற்றலை வைத்து வரைந்தால் குவாசி எலாஸ்டிக் உச்சி ஏறக்குறைய சரியான இடத்தில் விழும். அதற்கும் டெல்டா மேட்டுக்கும் (நியூக்ளியான் டெல்டா என்ற கிளர்வுநிலைக்குப் போவதால் வரும் மேடு) நடுவிலுள்ள பள்ளத்தில்தான் உங்கள் வளைவு தரவுக்குக் கீழே தொங்கும். இரட்டை வெளியேற்றம் முக்கியமாகத் தலைகாட்டும் இடம் அது. மினிபூனில் கற்றையின் ஆற்றல் பரந்து கிடப்பதால் அந்தப் பள்ளம் உச்சியோடு கலந்து மறைந்துவிடுகிறது.

முதலில் பள்ளத்தைக் கவனியுங்கள், அப்புறம் நியூட்ரினோவுக்கு வரலாம். எலக்ட்ரான் வரைபடத்தை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.