நெஞ்சில் தண்ணீர், கட்டிலடியில் பாட்டில்: நுரையீரல் கேள்வி-பதில்

இந்த மாதம் ‘நுரையீரல்’ என்று தலைப்பிட்டு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், அதைச் சுற்றியிருக்கும் உறையின் தொல்லைகள். அந்த உறைக்கு வீட்டுப் பேச்சில் தனிப்பெயர் கிடையாது. அதனால் எல்லாப் பழியும் நுரையீரல் மேலேயே விழுகிறது. முதல் பதில் கொஞ்சம் நீளம். அதைப் படித்துவிட்டால் மற்றவை சுலபம்.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. நுரையீரலில் தண்ணி கோத்திருக்கிறது என்று முதுகில் ஊசி போட்டு ஒன்றேகால் லிட்டர் எடுத்தார்கள். மிச்சத்துக்கு இன்னொரு நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு தண்ணீரை நுரையீரலுக்குள் வைத்துக்கொண்டு எப்படி மூச்சு விட்டார்? ஏன் ஒரே தடவையில் எடுக்கவில்லை? (வாசகி, குடியாத்தம்)

பதில்: அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குள் இல்லைம்மா, வெளியே இருந்தது. தண்ணீர் பாக்கெட் ஒன்றைக் குடித்து முடித்ததும் தூக்கிப் போடாமல் கையில் வைத்துப் பாருங்கள். உள்ளே நாலைந்து சொட்டு மிச்சம் இருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வழுக்கும். பிரிக்கப் பார்த்தால் லேசில் வராது. அந்தக் காலி பாக்கெட்டை உங்கள் முஷ்டியின் மேல் போர்த்துங்கள். முஷ்டிதான் நுரையீரல். முஷ்டியைத் தொடுகிற பக்கம் உள்ளுறை. வெளிப்பக்கம், மார்புச் சுவரின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் வெளியுறை. மணிக்கட்டுப் பக்கம் இரண்டும் மடிந்து ஒன்றாகிவிடுகின்றன. மூச்சுக்குழாயும் ரத்தக்குழாய்களும் நுழைகிற வாசல் அது. மருத்துவத்தில் இந்த உறைக்கு ப்ளூரா என்று பெயர். எல்லோருக்கும் பக்கத்துக்கு இரண்டு மூன்று டீஸ்பூன் அளவுக்கு அதில் நீர் உண்டு.

அந்த ஈரம் இல்லாமல் மூச்சே இல்லை. தன்னை விரித்துக்கொள்ள நுரையீரலுக்குத் தசை கிடையாது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசைத்திரையான உதரவிதானம் கீழே இறங்கி, விலா எலும்புகள் மேலே எழும்பும்போது வெளியுறை நகர்கிறது. ஈரத்தில் ஒட்டிய உள்ளுறை கூடவே போகிறது. நுரையீரல் வேறு வழியில்லாமல் விரிகிறது. ஒரு நாளைக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் இப்படி உரசாமல் வழுக்குகிறது.

அப்பாவுக்கு அந்த இடுக்கில் டீஸ்பூன் கணக்கு லிட்டர் கணக்காகிவிட்டது. மெல்ல மெல்லச் சேர்ந்ததால் அந்தப் பக்க நுரையீரல் அடியிலிருந்து சுருங்கிக்கொண்டே வர, மறுபக்கம் சமாளித்தது. படி ஏறும்போது மட்டும் இரைத்திருக்கும், “வயசாச்சு” என்று விட்டிருப்பார்.

நாள்கணக்கில் சுருங்கிக் கிடந்த நுரையீரலைத் திடீரென்று விரியவிட்டால் அதன் காற்றறைகளுக்குள் நீர் கசியலாம். அப்போதுதான் நிஜமாகவே ‘நுரையீரலுக்குள் தண்ணி’. அதனால் ஒன்றரை லிட்டரைத் தாண்ட யோசிப்போம். நடுவில் விடாத இருமலோ நெஞ்சு இறுக்கமோ வந்தால் அதற்கு முன்பே நிறுத்திவிடுவோம். அப்பாவைக் குனிந்து உட்கார வைத்து, விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி ஊசியை விட்டிருப்பார்கள். கீழ் விளிம்பை ஒட்டி ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன, அங்கே குத்தக் கூடாது.

தண்ணீரை வடித்ததோடு வேலை முடியவில்லை. ஒரு பக்கம் மட்டும், வைக்கோல் நிறத்தில் வந்தால் நம் நாட்டில் காசநோயைத் தேடாமல் விடக் கூடாது. நிமோனியா, புற்றுநோய், இதயம், சிறுநீரகம், கல்லீரல் என்று வேறு காரணங்களும் உண்டு. எடுத்த நீரைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். அடுத்த முறை போகும்போது அந்த ரிப்போர்ட்டை முதலில் கேளுங்கள். காசநோய் என்றால் அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம், வழக்கமாக ஆறு மாதம்.

கேள்வி: என் தாத்தாவுக்கு இடது மார்பு குழிந்து, தோள் சரிந்து இருக்கும். 1950களில் வேலூரில் விலா எலும்பை எடுத்துவிட்டார்கள் என்பார். நுரையீரல் நோய்க்கு எலும்பை ஏன் எடுக்க வேண்டும்? ஒரு நுரையீரலோடு வாழ முடியுமா? (வாசகர், வாலாஜாபேட்டை)

பதில்: இந்தக் கேள்வியை அனுப்பியதற்கு நன்றி. அப்படிப்பட்ட மார்பை இப்போது பயிற்சி மருத்துவர்கள் படத்தில்தான் பார்க்கிறார்கள். காசநோய்க் கிருமி நுரையீரலின் மேல்பகுதியில் குழி தோண்டிக்கொண்டு, அங்குள்ள காற்றில் செழிக்கும். நல்ல மருந்து வருமுன் இருந்த முக்கிய யோசனை, குழியை அமுக்கி மூடுவது. அதற்கு ஒரு வழி, இரண்டு உறைக்கும் நடுவில் வேண்டுமென்றே காற்றைச் செலுத்தி நுரையீரலைச் சுருங்க வைப்பது. காற்றை உடம்பு உறிஞ்சிவிடும், சில வாரங்களுக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். உறைகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போனவர்களுக்கு அது பலிக்காது. அவர்களுக்கு மேல் விலா எலும்புகளை, பெரும்பாலும் இரண்டு மூன்று தவணையாக எடுத்து, மார்புச் சுவரையே உள்ளே சரியவிட்டார்கள்.

அதற்கு வேலூர் பொருத்தமான ஊர்தான். ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1940களின் கடைசியில் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து நெஞ்சு அறுவை சிகிச்சைக்கென்றே தனித்துறையைத் தொடங்கினார். அதே காலத்தில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து வந்தது, 1952இல் ஐசோனியசிட். வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் (காசநோய் மருத்துவமனையில்) படுத்திருப்பவருக்கு நிகராகக் குணமாகிறது என்பதை 1959இல் வெளியான சென்னை ஆய்வு காட்டியது. எலும்பு எடுக்கும் வேலை மெல்ல மறைந்தது.

ஒரு நுரையீரலோடு வாழலாம். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஆறு லிட்டர் கொள்ளும். சும்மா உட்கார்ந்திருக்கையில் ஒரு மூச்சுக்கு அரை லிட்டர்தான் போய் வருகிறது. மிச்சம் மலை ஏறும்போது கேட்கும்.

கேள்வி: ஒல்லியாக, ஆறடி உயரம் என் மகன். 21 வயது. திடீரென்று நெஞ்சு வலி, மூச்சுத் திணறல். நுரையீரல் சுருங்கிவிட்டது என்று விலாவில் குழாய் வைத்திருக்கிறார்கள். கட்டிலுக்குக் கீழே பாட்டிலில் தண்ணீர் குமிழியிடுகிறது. பார்க்கவே பயமாக இருக்கிறது. (ஒரு தாய், ராணிப்பேட்டை)

பதில்: உங்கள் பையனைப் போன்ற உயரமான ஒல்லி இளைஞர்களைத்தான் இது தேடிப் பிடிக்கும். நுரையீரலின் உச்சி காறை எலும்புக்கும் மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் எழும்பி நிற்கிறது. அங்கே மெல்லிய கொப்புளம் ஒன்று உடைந்தால் காற்று உறைகளுக்கு நடுவில் புகுந்துவிடும். தண்ணீர் பாக்கெட்டில் ஓட்டை விழுந்தால் இரண்டு பக்கமும் பிரிந்துவிடும் அல்லவா, அதே கதை.

பாட்டிலுக்குள் குழாயின் முனை சுமார் இரண்டு சென்டிமீட்டர் தண்ணீரில் முங்கியிருக்கும். உள்ளிருந்து காற்று குமிழியாக வெளியேறலாம், வெளிக்காற்று திரும்ப ஏற முடியாது. தண்ணீர்தான் கதவு. குமிழி வந்தால் காற்று வெளியேறுகிறது என்று பொருள். குமிழி நின்றபின் குழாய்க்குள் நீர்மட்டம் மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கினால் குழாய் அடைக்கவில்லை என்று பொருள்.

முக்கியமான எச்சரிக்கை: பாட்டில் எப்போதும் மார்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். நான் பயிற்சியில் இருந்தபோது எக்ஸ்ரேக்குப் போகும் அவசரத்தில் பாட்டிலைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைத்துவிட்டேன். குழாயில் தண்ணீர் சரசரவென்று நெஞ்சை நோக்கி ஓடியது. பக்கத்திலிருந்த நர்ஸ் அக்கா பிடுங்கிக் கீழே வைத்தார். அன்று வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அதேபோல், டாக்டர் சொல்லாமல் குழாயை யாரும் கிளிப் போட்டு மூடக் கூடாது. பையன் சிகரெட் பிடித்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். விமானப் பயணம் டாக்டர் அனுமதித்த பிறகு.

கேள்வி: மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்தியது, கூடவே வலது தோளும் வலித்தது. மூச்சுப்பிடிப்பு என்று பாட்டி தைலம் தடவினார். ஸ்கேனில் நுரையீரல் உறையில் அழற்சி என்கிறார்கள். தோள் ஏன் வலிக்க வேண்டும்? (கல்லூரி மாணவர், காட்பாடி)

பதில்: நுரையீரலுக்கும் உள்ளுறைக்கும் வலிக்கத் தெரியாது. வெளியுறைக்குத் தெரியும், கத்தி குத்துவதுபோல். உதரவிதானத்தின் நடுப்பகுதியைப் போர்த்தியிருக்கும் உறைக்குக் கழுத்திலிருந்து இறங்கும் நரம்பு வருகிறது. தோள்பட்டைத் தோலின் சேதியும் தண்டுவடத்தின் அதே மட்டத்துக்குத்தான் போகிறது. மூளை முகவரியைக் குழப்பிக்கொள்கிறது, அவ்வளவுதான். பாட்டியைக் குறை சொல்லாதே தம்பி, பெரும்பாலும் அது தசைப்பிடிப்புதான். ஆனால் குத்தலோடு காய்ச்சல், மூச்சிரைப்பு, ரத்தச் சளி இவற்றில் எது சேர்ந்தாலும் தைலத்தை ஓரம் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: மூன்று வயதுப் பேரன் பச்சை வேர்க்கடலை தின்னும்போது புரையேறி நீலம் பாரித்தான். பிறகு சரியாகிவிட்டான். எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. விட்டுவிடலாமா? (வாசகர், ஆற்காடு)

பதில்: விடக் கூடாது, இன்றே காட்டுங்கள். கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. புரையேறிய பிறகு வரும் அமைதி, கடலை மூச்சுக்குழாயின் ஒரு கிளைக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டதாலும் இருக்கலாம். வலது கிளை அகலம், குட்டை, கிட்டத்தட்ட நேர்க்கீழே போகிறது. அதனால் பெரும்பாலும் அந்தப் பக்கம் போகும். உள்ளே குழாய் விட்டுப் பார்த்து எடுத்துவிடுவார்கள்.

கேள்வி: கறிக்கடையில் ஈரலைத் தண்ணீரில் போட்டால் மூழ்குகிறது, நுரையீரல் மட்டும் மிதக்கிறதே? (வாசகர், ஆம்பூர்)

பதில்: கடைசி மூச்சு போனபிறகும் காற்றறைகளில் காற்று தங்கிவிடுகிறது. நாமும் எவ்வளவு முக்கி ஊதினாலும் ஒரு லிட்டருக்கு மேல் உள்ளேயே நிற்கும். அடுத்த முறை கடைக்காரரை ஆட்டு நுரையீரலை மூச்சுக்குழாயோடு தரச் சொல்லுங்கள். வலது மேல் மடலுக்கு மட்டும் தனியாக ஒரு கிளை, குழாய் இரண்டாகப் பிரியும் முன்பே போவதைப் பார்க்கலாம். நமக்குப் பொதுவாக அப்படி இல்லை.

கேள்வி: ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று பந்து உள்ள ஊதும் கருவி கொடுத்தார்கள். எவ்வளவு ஊதினாலும் பந்து எழவில்லை. (வாசகி, வேலூர்)

பதில்: ஊதாதீர்கள், உறிஞ்சுங்கள். ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பதுபோல் மெதுவாக இழுத்து, பந்து மேலே நிற்கும்படி இரண்டு மூன்று விநாடி பிடித்துவிட்டு, வாயிலிருந்து எடுத்துவிட்டு மூச்சை விடுங்கள். முதல் நாள் ஒரு பந்து எழுந்தாலே போதும்.