வாசகர் கேள்வி பதில்: தீவு யாருடைய சொத்து?

சென்ற இதழில் ஒருவருக்குப் பதில் சொல்லும்போது, குழந்தைக் கதைகள் எழுதிய ஆங்கில எழுத்தாளர் எனிட் பிளைட்டனுக்கு இங்கிலாந்தில் ஒரு ரசிகர் சங்கம் உண்டு, சங்கத்துக்கென்று ஒரு பத்திரிகையும் உண்டு என்று போகிற போக்கில் எழுதிவிட்டு, அவர் கதையில் வரும் கிரின் தீவை வைத்து ரசிகர்கள் பல காலமாக மல்லுக்கட்டும் பெயர்க் குழப்பத்தையும் நான்கு வரியில் சொல்லியிருந்தேன். அவ்வளவுதான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. உருளைக்கிழங்கு வறுவல் மொறுமொறுப்பாக வர என்ன செய்ய வேண்டும் என்று கேட்ட நெல்லை வாசகர் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

செத்துப்போய் ஐம்பது வருடத்துக்கு மேல் ஆன ஒரு எழுத்தாளரைப் பற்றி வருடத்துக்கு மூன்று இதழ் போட அப்படி என்னதான் விஷயம் இருக்கும்? (வங்கி ஊழியர், தஞ்சாவூர்)

நானும் அப்படித்தான் நினைத்தேன். லண்டனில் இருக்கும் என் சித்தி மகன் ஒரு முறை ஊருக்கு வந்தபோது நாலைந்து பழைய இதழ்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தான், ஊறுகாய் பாட்டில்களுக்கு மாற்றாக. புரட்ட ஆரம்பித்தவன் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் விளக்கை அணைத்தேன்.

விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. அந்த அம்மாள் எழுதியவை எழுநூறு புத்தகங்களுக்கு மேல். 1922-ல் வந்த முதல் புத்தகம் இருபத்து நான்கே பக்கம், குழந்தைகளுக்கான கவிதைகள். அதிலிருந்து ஆரம்பித்து, துப்பறியும் பிள்ளைகளின் கதைகளான ஃபேமஸ் ஃபைவ் 21, சீக்ரெட் செவன் 15, நாடி (Noddy) என்ற பொம்மையின் கதைகள் 24 என்று போய்க்கொண்டே இருக்கும். மடியில் டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தால் பாத்திரங்கள் எதிரே வந்து நிற்கும், நான் பார்த்ததைத் தட்டச்சு செய்கிறேன், அவ்வளவுதான் என்று மெக்கெல்லர் என்ற உளவியலாளருக்குக் கடிதமே எழுதியிருக்கிறார். ஒரு நாளைக்கு ஆறாயிரம் வார்த்தை, சில நாள் பத்தாயிரம். இப்படி எழுதித் தள்ளியவர் எந்தக் கதையை எந்தப் பத்திரிகையில் எப்போது போட்டார், அது பிறகு எந்தத் தொகுப்பில் என்ன தலைப்பில் வந்தது என்று கணக்கெடுக்கவே ஒரு ஆயுள் வேண்டும். 1995-ல் சங்கம் தொடங்கியதிலிருந்து அந்தக் கணக்கெடுப்பு நடந்துகொண்டே இருக்கிறது. பழைய பத்திரிகையில் ஒரே ஒரு தடவை வந்துவிட்டு, புத்தகத்தில் சேராமலே போன சிறுகதைகளைத் தேடியெடுத்து மறுபடி அச்சிடுகிறார்கள். ஓவியர்களைப் பற்றி எழுதுகிறார்கள்.

ஓவியர்கள் என்றதும் ஞாபகம் வருகிறது, ஃபேமஸ் ஃபைவ் இருபத்தோரு கதைக்கும் முதலில் படம் போட்டவர் ஐலீன் சோப்பர் என்ற பெண்மணி. நம்மில் பலர் வாடகை நூலகத்தில் பார்த்த பேப்பர்பேக்கில் இருந்தவை பின்னால் வேறொருவர் வரைந்த படங்கள். அந்தக் கதைகளில் வரும் ஜார்ஜ் என்றதும் உங்கள் மனசில் எந்த முகம் வருகிறது என்பதை வைத்தே உங்கள் வயதைச் சொல்லிவிடலாம். இதை வைத்து ரசிகர்களுக்குள் நடக்கும் சண்டைக்கு முடிவே கிடையாது. நான் சோப்பர் கட்சி, ஆனால் கட்சி மாறி வந்தவன்.

வயதானவர்கள் குழந்தைக் கதையை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி பண்ணுவது வேலையற்ற வேலையாகத் தெரியவில்லையா? (பொறியாளர், கோவை)

தெரிகிறது. கிரிக்கெட் புள்ளிவிவரம் மனப்பாடம் செய்வதும் அப்படித்தான் தெரிகிறது, அதை யாரும் கேட்பதில்லை.

சரி, சென்ற இதழைத் தவறவிட்டவர்களுக்காகத் தீவு வழக்கை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன். ஃபேமஸ் ஃபைவ் முதல் கதை 1942-ல் வந்தது. ஜூலியன், டிக், ஆன் மூவரும் கோடை விடுமுறைக்குக் குவென்டின் அங்கிள் வீட்டுக்குப் போகிறார்கள். குவென்டின் அவர்களுடைய அப்பாவின் உடன்பிறந்தவர் என்று கதையே சொல்கிறது. அவர் மகள்தான் ஜார்ஜினா. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காத ஜார்ஜ். அந்த வட்டாரத்து நிலமெல்லாம் ஒரு காலத்தில் என் அம்மா வீட்டாருடையது, நொடித்துப்போய் விற்றது போக மிஞ்சியது கிரின் காட்டேஜ், கிரின் பண்ணை, கிரின் தீவு மூன்றும்தான் என்கிறாள் அவள். ஆக, கிரின் என்பது ஜார்ஜின் அம்மா ஃபேன்னி வழிப் பெயர். ஆனால் பின்னால் வரும் கதைகளில் ஜார்ஜின் குடும்பப் பெயரும் கிரின் என்றே வருகிறது. போதாக்குறைக்கு 1958-ல் வந்த கதையில் ஜூலியனின் அம்மாவை பார்னார்ட் அம்மாள் என்று குறிப்பிட்டுவிடுகிறார்கள். அண்ணன் தம்பிகளில் ஒருவர் பார்னார்ட், இன்னொருவர் கிரின், அந்தக் கிரினோ மனைவி வீட்டுப் பெயர். எப்படி?

பிளைட்டன் அவசரத்தில் மறந்திருப்பார் என்பது நேரான பதில். ஆறேழு கதையோடு நிறுத்தப் போனவர், பிள்ளைகள் விடாததால் இருபத்தொன்று வரை எழுதினார். பதினாறு வருடம் கழித்து முதல் கதையைத் திறந்து பார்க்க அவருக்கு ஏது நேரம்? ஆனால் ரசிகருக்கு அந்தப் பதில் ருசிப்பதில்லை. கதைக்குள்ளேயே ஒரு காரணம் வேண்டும். இந்த வழக்குக்குக் கடைசிக் கடிதத்தில் தீர்ப்பு இருக்கிறது, அதற்குள் பக்கத்தைப் புரட்டாதீர்கள்.

ஜிஞ்சர் பீர் ஜிஞ்சர் பீர் என்கிறார்களே, அது எப்படி இருக்கும்? (கல்லூரி மாணவி, மதுரை)

இஞ்சி சோடா மாதிரி, கொஞ்சம் காரமாக. பீர் என்ற பெயரைப் பார்த்து உங்கள் வீட்டில் புத்தகத்தைப் பிடுங்கிவைக்க வேண்டியதில்லை, என் வீட்டில் பிடுங்கினார்கள். இதில் ஒரு வேடிக்கை. பிளைட்டன் என்றாலே இங்கிலாந்தில் எல்லோரும் சொல்கிற அந்த 'வயிறு முட்ட ஜிஞ்சர் பீர்' வசனம் ஃபேமஸ் ஃபைவ் கதை எதிலுமே கிடையாது. 1982-ல் சேனல் ஃபோர் தொலைக்காட்சி தொடங்கிய அன்று ராத்திரி காட்டிய ஒரு நையாண்டிப் படத்தில் வந்த வசனம் அது. யாராவது எங்கேயாவது அதைப் பிளைட்டன் எழுதியதாகச் சொல்லிவிட்டால் உண்மையான ரசிகர் சாப்பாட்டைக்கூடப் பாதியில் விட்டுவிட்டுத் திருத்த வருவார். அப்புறம், அந்தப் பிள்ளைகள் பக்கத்துக்குப் பக்கம் தின்றுகொண்டே இருக்கிறார்களே என்று கேலி செய்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் உணவு ரேஷன் 1940 முதல் 1954 வரை இருந்தது. வாரத்துக்கு ஒரு முட்டை கிடைத்தால் உண்டு என்றிருந்த பிள்ளை, ஆளுக்கு இரண்டு அவித்த முட்டையும் ஹாமும் தக்காளியும் என்று படித்தால் எப்படி இருந்திருக்கும்!

பிளைட்டன் கதைகளில் இனவெறி இருக்கிறது என்று என் மகள் சொல்கிறாள். ரசிகர் பத்திரிகை இதையெல்லாம் மூடி மறைக்குமா? (பள்ளி ஆசிரியை, கரூர்)

உங்கள் மகள் சொல்வது சரி. 1951-ல் வந்த ஒரு நாடி கதையில், இருட்டுக் காட்டில் நாடியின் காரையும் துணியையும் பிடுங்கிக்கொண்டு போகிறவர்கள் கறுப்பு முகம் கொண்ட கோலிவாக் பொம்மைகள். இன்னொரு கதையில், கறுப்பாக இருப்பதால் மற்ற பொம்மைகள் ஒதுக்கும் ஒரு பொம்மை, மழையில் நனைந்து சாயம் கரைந்து ரோஜா நிறமானதும் சேர்த்துக்கொள்ளப்படுகிறது. இதைப் படித்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. அந்தக் காலம் அப்படி என்று முழுசாகவும் தப்பிக்க முடியாது, ஏனென்றால் 1960-லேயே மாக்மில்லன் பதிப்பகம் அவருடைய ஒரு கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பியது. அயலாரைக் கண்டாலே ஆகாது என்கிற பழைய மனப்பான்மை அதில் தெரிகிறது என்று அவர்களுடைய வாசிப்பாளர் குறிப்பே எழுதியிருந்தார். பிபிசி பல வருடம் அவரை வானொலிக்குள் விடவே இல்லை, அது எழுத்துத் தரம் போதாது என்று. பிபிசியின் அந்தக் கடிதங்கள் 2009-ல் வெளியே வந்தன.

ரசிகர்களில் இதைக் கேட்டதும் கோபப்படுகிறவர்கள் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் மூலத்தில் என்ன இருந்தது, எந்தப் பதிப்பில் எதை மாற்றினார்கள் என்று வரிக்கு வரி எடுத்துச் சொல்லக் கூடியவர்களும் இவர்கள்தான். நாடியின் ஊரில் காரேஜ் வைத்திருந்த கோலிவாக் பொம்மை கோலி, பிற்பாடு ஸ்பார்க்ஸ் ஆனார். தூரத்து மரக் கதையில் (ஃபாரவே ட்ரீ) வருகிற வேறு டிக்கும் வேறு ஃபேன்னியும் ரிக், ஃப்ரானி ஆனார்கள், பிள்ளைகளை அடிக்கிற வாத்தியாரம்மா டேம் ஸ்லாப்பின் பெயரில் இருந்த 'ஸ்லாப்'பைக்கூட (கன்னத்தில் அறைவது) எடுத்துவிட்டார்கள். பெயரை மாற்றியதில் சிலது அவசியம், சிலது அசட்டுத்தனம். 2010-ல் ஃபேமஸ் ஃபைவின் மொழியையே இந்தக் காலத்துக்கு ஏற்றபடி மாற்றுகிறோம் என்று பதிப்பகம் இறங்கியது. அம்மா அப்பாவைப் பிள்ளைகள் கூப்பிடுகிற விதத்தைக்கூட மாற்றினார்கள். எடுபடவில்லை. 2016-ல் பழைய மொழிக்கே திரும்பிவிட்டார்கள். இந்தப் போக்குவரத்தையெல்லாம் பின்னொரு நாள் யாராவது எழுதப் புகுந்தால், அலமாரியில் எல்லாப் பதிப்பையும் வரிசையாக வைத்திருக்கும் ரசிகர் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும்.

பிளைட்டனே ஒரு பத்திரிகை நடத்தினாராமே? (ஓய்வுபெற்ற தபால் ஊழியர், விருதுநகர்)

ஆமாம், தன் பெயரிலேயே. 1953 மார்ச்சில் தொடங்கி 1959 செப்டம்பர் வரை வந்தது. அதோடு நான்கு சங்கம், ஒவ்வொன்றுக்கும் ஒரு தர்மக் காரியம்: மிருகங்களுக்கு ஒன்று, பார்வையற்ற பிள்ளைகளுக்கு ஒன்று என்று. ஃபேமஸ் ஃபைவ் சங்கப் பிள்ளைகள் சேர்த்த பணம் பேக்கன்ஸ்ஃபீல்டில் இருந்த ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போனது. அவர் 1968-ல் காலமான பிறகும் அந்தச் சங்கம் ஓடியது, 1974-ல் உறுப்பினர்கள் 2,20,000 பேர். இன்றைய பெரியவர்கள் சங்கத்தை இதன் வாரிசு என்று நினைத்துவிடாதீர்கள். இது தனி.

என் தாத்தா பெட்டியில் பிளைட்டன் கையெழுத்துப் போட்ட பழைய புத்தகம் ஒன்று இருக்கிறது, விலை போகுமா? (பெயர் வேண்டாம், சென்னை)

பெயரை மட்டுமல்ல, ஆசையையும் கொஞ்சம் மறைத்துக்கொள்ளுங்கள். கீழே இரண்டு கோடு இழுத்த அந்தக் கையெழுத்து அட்டையில் இருந்தால் அது அச்சு, எல்லாப் பிரதியிலும் இருக்கும். உள்ளே மையில் இருந்தால்தான் பேச்சு. புத்தகத்தின் மேல் போர்த்திய காகித மேலட்டை இருக்கிறதா? காசு அதில்தான். அதன் பின்பக்கத்தில் இருக்கும் புத்தகப் பட்டியலைப் பாருங்கள், உங்கள் புத்தகத்துக்குப் பிறகு வந்த கதையின் பெயர் அதில் இருந்தால் அந்த அட்டை முதல் பதிப்பினுடையது அல்ல. செலோடேப் ஒட்டாதீர்கள். தாத்தா ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பேரப்பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுங்கள்.

பிளைட்டனுக்கு மட்டும்தானா, வேறு யாருக்கும் இப்படி உண்டா? (நூலகர், சேலம்)

நிறைய. எனக்கு ரொம்பப் பிடித்தது ஓஸ் ரசிகர்களுடைய கதை. 1957-ல் நியூயார்க்கில் ஜஸ்டின் ஷில்லர் என்ற பதின்மூன்று வயதுப் பையன், ஃபிராங்க் பாம் எழுதிய ஓஸ் கதைகளின் ரசிகர்களைக் கடிதம் போட்டுச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தான். மொத்தம் பதினாறு பேர். பையன் நடத்திய அந்தப் பத்திரிகை அறுபது வருடம் தாண்டியும் வந்தது, பையன் வளர்ந்து பழைய குழந்தைப் புத்தகங்களை வாங்கி விற்பதில் பெயர் பெற்ற ஆளாகிவிட்டான். இன்னொன்று ஆங்கிலக் குழந்தை எழுத்தாளர் ஆர்தர் ரான்ஸம் பெயரிலான சங்கம், 1990-ல் தொடங்கியது. அவர்களுடைய ஆண்டிதழின் பெயர் மிக்ஸ்ட் மாஸ். ரான்ஸம் கதையில் படகு வீட்டில் உட்கார்ந்து ஒரு மாமா தன் வரலாறு எழுதுவார், திருடர்கள் அதைப் பெட்டியோடு தூக்கிப் போய்விடுவார்கள். அந்தப் புத்தகத்தின் பெயர்தான் மிக்ஸ்ட் மாஸ். கதைக்குள் களவு போனதை வெளியில் வருடா வருடம் அச்சிடுகிறார்கள் பாருங்கள்!

தமிழில் ஏன் இப்படி ஒன்று இல்லை? (பல ஊர்களிலிருந்து பதினொரு பேர்)

அழ. வள்ளியப்பா 1950-லேயே குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கினார், ஆனால் அது எழுதுகிறவர்களுக்கு. படிக்கிறவர்கள் சேர்ந்து ஒரே எழுத்தாளரைத் துருவுகிற பத்திரிகை வேறு விஷயம். வாண்டுமாமாவுக்கு அது நடக்கலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை. மனிதர் பல பெயர்களில், பல பத்திரிகைகளில், துப்பறியும் கதையிலிருந்து விஞ்ஞானம் வரை எழுதியவர், எண்பதுகளின் பூந்தளிர் இதழ்களைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் ஆட்களை எனக்கே தெரியும். இரவல் கேட்டால் தர மாட்டார்கள். யார் வீட்டில் எந்த இதழ் இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டாலே முதல் இதழுக்கு விஷயம் கிடைத்துவிடும். உங்களிடம் இருப்பதை எழுதி அனுப்புங்கள், இதழை அனுப்ப வேண்டாம், எண்ணையும் மாதத்தையும் மட்டும்.

தீவு வழக்குக்கு என்னிடம் பதில் இருக்கிறது. குவென்டின் பிறந்தது பார்னார்ட் குடும்பத்தில். வேலை ஆராய்ச்சி, வருமானம் சொல்லும்படி இல்லை. இருப்பது கிரின் காட்டேஜில், அது மனைவி வீட்டுச் சொத்து. எந்நேரமும் கதவைச் சாத்திக்கொண்டு சிடுசிடுவென்று இருக்கிறார். எங்கள் ஊரில் இதற்கு ஒரே வார்த்தைதான்: வீட்டோடு மாப்பிள்ளை. பெயரும் அந்த வீட்டுப் பெயரே ஆகிவிட்டது. (இல்லத்தரசி, காரைக்குடி)

அம்மா, லண்டனுக்கு இன்றைக்கே எழுதுகிறேன்.